குறைந்த விலை கார் பேட்டரி: வாங்கி, மாட்டி, சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் என் பழைய வேகன்-ஆரின் பேட்டரி நான்கு வருடம் உழைத்து ஓய்ந்தது. குரோம்பேட்டையில் வழக்கமாகப் போகும் பேட்டரிக் கடையில் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார்கள். ஒன்று 4,500 ரூபாய், 30+30 மாத வாரண்டி. இன்னொன்று 3,300 ரூபாய், 18+18 மாதம் (முதல் எண் இலவசமாக மாற்றித் தரும் காலம், இரண்டாவது விலையில் தள்ளுபடி மட்டும் தரும் காலம்). இரண்டும் 35 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு), இரண்டும் ஒரே அளவு. நான் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டேன். இந்த பேட்டரி எப்படிப்பட்டது என்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்குள் குறை தெரிந்தால் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். பத்தொன்பதாவது மாதம் தெரிந்தால் என் காசுதான் போகும்.

மலிவு பேட்டரி வாங்குகிற பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான். மாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள், ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் மறுபடி நினைப்பார்கள். பேட்டரி ஒரே நாளில் சாவதில்லை. பல மாதம் முன்பிருந்தே எண்களில் காட்டிக்கொடுக்கும். அந்த எண்களைப் படிக்க 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

படி 1: குறை பேட்டரியில்தானா?

புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். டைனமோ (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்) சரியாக இல்லாத வண்டியில் எந்த விலை பேட்டரியைப் போட்டாலும் அது செத்துப்போகும், பழி மட்டும் பேட்டரி மேல் விழும். எங்கள் தெரு மெக்கானிக் என்னிடம் சொன்னது: "சார், டைனமோ என்ன கொடுக்குதுன்னு பார்க்காம பேட்டரி மாத்தாதீங்க." மூன்று அளவுகள் எடுங்கள்.

முதலாவது, இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்களில் உள்ள வோல்டேஜ். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் வையுங்கள். சாதாரண பெட்ரோல் காரில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இப்போது ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் டைனமோவையும் பெல்ட்டையும் பாருங்கள். 14.8-க்கு மேலே போனால் அது இன்னும் மோசம், பேட்டரியை வேகவைத்துவிடும். கொஞ்சம் புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும், அவற்றில் ஓடும்போது 12.8 என்று காட்டினாலும் அது கோளாறு ஆகாது.

இரண்டாவது, கேபிள். மைனஸ் டெர்மினலில் ஒரு முனை, இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் இன்னொரு முனை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துருவோ தளர்வோ இருக்கிறது. எண்பது ரூபாய் கேபிளைச் சுத்தம் செய்தால் தீர்கிற பிரச்சினைக்குப் பலர் நான்காயிரம் செலவழிக்கிறார்கள்.

மூன்றாவது, வண்டி சும்மா நிற்கும்போது ஒழுகுகிற கரன்ட். இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சிவப்பு முனையை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் இணையுங்கள். கதவுகள் மூடியே இருக்கட்டும். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் புகைந்துவிடும். அரைமணி நேரம் காத்திருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகும். அதற்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. என் வண்டியில் 28.

50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச். 35 ஏஹெச் பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி காலி. வாரம் முழுக்க மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுக்கிறவர்களின் பேட்டரி சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான். பலர் நினைப்பதுபோல ஸ்டார்ட் செய்வதில் பெரிதாக ஒன்றும் போவதில்லை. 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு நொடிக்கு அது ஒரு ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னால் வாங்கி மாட்டிய ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா, மலிவான மியூசிக் சிஸ்டம் ஆகியவைதான் ராவோடு ராவாகக் குடிக்கும். ஒழுகுகிற கரன்ட் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எதைக் கழற்றினால் குறைகிறது என்று பாருங்கள்.

படி 2: உங்களுக்கு இது பொருந்துமா?

விலையை வாரண்டி மாதத்தால் வகுத்துப் பார்த்தால் உண்மை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். 3,300 ரூபாயை 18 இலவச மாதங்களால் வகுத்தால் மாதம் 183 ரூபாய். 4,500-ஐ 30-ஆல் வகுத்தால் 150. அதாவது, கம்பெனி உறுதி சொல்லும் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் விலை கூடியதுதான் மலிவு! இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். விலை கூடியது நான்கு வருடம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 94 ரூபாய் ஆகிறது. குறைந்த விலை பேட்டரி அதைச் சமன் செய்ய 35 மாதம் ஓட வேண்டும். வாரண்டி அட்டையில் இருக்கும் 18+18-ல் இரண்டாவது 18 என்பது இலவசம் அல்ல, விலையில் ஒரு பகுதித் தள்ளுபடி மட்டுமே. அதனால் மூன்று வருடம் ஓட வைக்கும் எண்ணமும் பொறுமையும் இருந்தால் மட்டுமே இதில் லாபம்.

வண்டியை ஒன்றிரண்டு வருடத்தில் விற்கப்போகிறவர், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர், வீட்டில் சார்ஜர் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார் என்றால் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்ற தனி வகை பேட்டரி. சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். டீசல் வண்டிக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், செல்ஃப் இழுக்கும் கரன்ட் அதிகம். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வயதானவர்கள் உள்ள வீட்டிலும் ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

படி 3: கடையில்

இங்கேதான் பாதி வெற்றி, அதனால் அவசரப்படாதீர்கள்.

முதலில் பழைய பேட்டரியின் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் இருந்தது 38பி20எல். முதல் எண் அதன் வலுவின் தரவரிசை. 'பி' அகலத்தையும் உயரத்தையும் குறிக்கிறது. 20 என்பது நீளம், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கடைசி எழுத்து பிளஸ்ஸும் மைனஸ்ஸும் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. கடைசியில் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. எட்ட வைக்க இழுத்துக் கட்டுவது ஆபத்து. குறியீடு புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. பழையதையும் புதியதையும் டெர்மினல் உங்கள் பக்கம் வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிளஸ் ஒரே பக்கம் இருக்கிறதா, டெர்மினல் தடிமன் ஒன்றா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐரோப்பியக் கார்களில் டின் 44, டின் 55 என்று வரும். உயரம் குறைவு, அடியில் கிளாம்ப் பிடிக்கும். அதற்கு இதை மாற்றிப் போட முடியாது.

பிராண்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. விலை குறைந்த பெயர் என்றால் ஊர்பேர் தெரியாத கம்பெனி என்று பொருள் இல்லை. எஸ்எஃப் சோனிக் எக்சைடு குடும்பத்துப் பெயர். பவர்ஜோன், அமரான் தயாரிக்கும் அமர ராஜாவின் பெயர். பெரிய கம்பெனிகள் இரண்டாம் பெயரில் விற்கும் பேட்டரிக்கு ஊர் ஊராக சர்வீஸ் இருக்கும், வாரண்டி கேட்க ஆள் இருக்கும். பட்ஜெட் பேட்டரி என்றால் நான் முதலில் இந்த வரிசையில்தான் தேடுவேன். அதற்கும் கீழே, புது ஸ்டிக்கர் ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்கும் 'ரீகண்டிஷன்' பேட்டரி இருக்கிறது. பழைய தகட்டுக்குப் புது ஆசிட் ஊற்றியது. அது இந்த வழிகாட்டியில் சேராது.

அடுத்தது தயாரிப்புத் தேதி. பேட்டரியின் மேலோ பக்கவாட்டிலோ அச்சிட்டோ, சூடு போட்டுப் பொறித்தோ இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது. ஆறு மாதம் தாண்டியது வேண்டாம். ஈயப் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும், வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஏழு வருடம் முன்னால் ஒரு கடையில் தேதி பார்க்காமல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால் ஒன்பது மாதப் பழசு. ஒன்றேகால் வருடத்தில் போய்விட்டது.

அப்புறம் கடையிலேயே வோல்டேஜ் பாருங்கள். மாட்டாத, சார்ஜ் போட்டு எடுக்காத பேட்டரியில் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.4 என்றால் இன்னொன்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, காய்கறி வாங்கும்போது புரட்டிப் பார்க்கிறோம், இது அதைவிட விலை.

முடிந்தால் எடை போடுங்கள். பேட்டரியின் உயிர் ஈயம். ஒரே அளவு, ஒரே ஏஹெச் உள்ள இரண்டில் எது கனமோ அதில் பொதுவாக ஈயம் அதிகம். எங்கள் கடையில் பழைய பேட்டரியை எடைக்கு எடுக்கத் தராசு இருந்தது. விலை குறைந்தது, விலை கூடியதைவிட ஏறத்தாழ அரைக் கிலோ குறைவாக இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், எதிர்பார்ப்பையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.

சிசிஏ என்று ஓர் எண் ஸ்டிக்கரில் இருக்கும். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு கரன்ட் தள்ளும் என்பதன் அளவு. சென்னையில் அந்தக் குளிர் வராது. ஆனாலும் கடைக்காரரிடம் கையடக்க டெஸ்டர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லி, வருகிற சிசிஏவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அதே டெஸ்டரில் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. பானட்டுக்குள் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்கு கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பில்லில் பேட்டரியின் சீரியல் எண், வண்டி எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரை. செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் கடையில் நிற்கும்போதே செய்துவிடுங்கள். டாக்ஸியாக ஓடும் வண்டி என்றால் வாரண்டி குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு 700 ரூபாய் கழித்தார்கள். 3,300 என்பது அது கழித்த பிறகு உள்ள விலை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. தெருவில் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் போனால் ஆசிட்டும் ஈயத்தூளும் யாரோ ஒரு குழந்தை விளையாடும் மண்ணில்தான் போய்ச் சேரும். நூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும் அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

படி 4: மாட்டுவது

கடைக்காரர் மாட்டித் தருவார் என்றாலும் முறை தெரிந்திருந்தால் தவறு நடக்கும்போது கண்ணில் படும். 10 எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும். மோதிரம், உலோக வாட்ச் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது, சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் எளிது. மைனஸ் இணைந்திருக்கும்போது வண்டியின் உடம்பு முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனரின் மறுமுனை உடம்பில் எங்கே பட்டாலும் தீப்பொறி பறக்கும். மைனஸ்ஸைக் கழற்றிவிட்டால் அந்த பயம் இல்லை.

பழையது வெளியே வந்ததும் அடித்தட்டைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றித் தேயுங்கள், நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கேபிள் முனைகளுக்கும் அதே வைத்தியம். பிறகு உப்புத்தாளால் உட்பக்கம் பளபளக்கும்வரை தேயுங்கள். புது பேட்டரியை வைத்து, கேபிள் மாட்டும் முன்பே கிளாம்ப்பை இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசையக் கூடாது. பட்ஜெட் பேட்டரிக்கு நான் மிகவும் முக்கியமாகச் சொல்வது இந்த கிளாம்ப்தான். நம் ரோட்டுப் பள்ளங்களில் ஆடுகிற பேட்டரியில் தகட்டிலிருந்து பசை உதிர்ந்து அடியில் சேரும், ஒருநாள் தகடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி ஒரு செல் செத்துவிடும். ஆறு செல்லில் ஒன்று போனால் சுமார் இரண்டு வோல்ட் குறையும், வண்டி கிளம்பாது.

பிளஸ் மாட்டி, மைனஸ் மாட்டி, இறுக்கிய பிறகு டெர்மினல் மேல் மெல்லிசாக வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்னால் வேண்டாம். கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன், சில வண்டிகளில் ஒரே தொடலில் ஏறும் பவர் விண்டோ ஆகியவற்றை மறுபடி அமைக்க வேண்டி வரும். முதல் ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், இன்ஜின் கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்கிறது.

படி 5: முதல் வாரம்

கடையிலிருந்து வருகிற பேட்டரி பெரும்பாலும் முழு சார்ஜில் இருக்காது. வீட்டில் சார்ஜர் இருந்தால் அன்றிரவே போடுங்கள். ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு கரன்ட், அதாவது 35-க்கு மூன்றரை ஆம்பியர் அளவு போதும். சார்ஜர் இல்லையென்றால் ஜிஎஸ்டி ரோட்டிலோ புறவழிச்சாலையிலோ ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். இதைச் செய்யாமல் எடுக்கிற அளவு எதுவும் பேட்டரியைப் பற்றிச் சொல்லாது.

மறுநாள் காலை ஓய்வு வோல்டேஜ். கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியும், அதுவே எண்ணைக் கொஞ்சம் இறக்கும். அதனால் முந்தைய இரவே பானட் லீவரை இழுத்துவிட்டு, முழுதாகப் பூட்டாமல் வையுங்கள். எட்டு மணி நேரம் சும்மா நின்ற முழு சார்ஜ் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். என்னுடையது 12.71 காட்டியது.

அடுத்தது செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பது. சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், கண்ணால் பிடிப்பது கஷ்டம். செல்போனில் மீட்டரை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் சந்தேகம். புதிய பேட்டரி 10-க்கு மேல் நிற்க வேண்டும். எனக்கு 10.4. இந்த மீட்டர் உண்மையான ஆழத்தைத் தவறவிடலாம்தான், ஆனால் மாதாமாதம் அதே மீட்டர், அதே முறை என்றால் ஒப்பிட இது போதும்.

படி 6: ஹெட்லைட் சோதனை

வோல்டேஜ் நன்றாக இருப்பதால் மட்டும் பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது. பாட்டில் நிறைந்திருக்கிறது என்று வோல்டேஜ் சொல்லும். பாட்டில் ஒரு லிட்டரா அரை லிட்டரா என்பதைச் சொல்லாது. 35 ஏஹெச் என்று எழுதியிருப்பது, 1.75 ஆம்பியரை 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். வீட்டில் அப்படி முழுக்கக் காலி செய்து பார்க்கக் கூடாது, ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரிக்கு அது கெடுதல். கால் பங்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட மட்டும் இறக்கிப் பார்த்தால் போதும்.

முழு சார்ஜ் ஆன பேட்டரியோடு, இன்ஜின் அணைத்த நிலையில், ஹெட்லைட்டை லோ பீமில் சரியாக ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். சாதாரண 55 வாட் பல்பு இரண்டும், பின்விளக்கு, டேஷ்போர்டு விளக்கு எல்லாமாக ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் 10 ஏஹெச். 35-ல் 25 மிச்சம், அதாவது எழுபது சதவீதம் சொச்சம். கார் கவர் போட்டு மூடியிருக்கக் கூடாது, விளக்கின் முன் துணியோ சுவரோ ஒட்டியிருக்கக் கூடாது. அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். அப்புறம் அளந்தால் 12.3-க்கு மேல் இருக்க வேண்டும். 12.1 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டிக்கரில் போட்ட 35 உள்ளே இல்லை. எனக்கு 12.36 வந்தது, திருப்தி.

சோதனை முடிந்த உடனே சார்ஜ் போடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். முன்னெச்சரிக்கையாக ஜம்ப் கேபிளும் பக்கத்து வீட்டுக் காரும் கைவசம் இருக்கட்டும். எல்இடி ஹெட்லைட் உள்ள கார் என்றால் கரன்ட் மிகக் குறைவு, இந்தக் கணக்கு பொருந்தாது. இதை வாங்கிய முதல் மாதத்தில் ஒருமுறை, வருடம் ஒருமுறை, இலவச மாற்றுக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒருமுறை என்று மட்டும் செய்யுங்கள். அடிக்கடி செய்தால் நாமே பேட்டரியைத் தேய்க்கிறோம்.

படி 7: மாதம் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் மூன்று எண்கள் எழுதுகிறேன்: ஓய்வு வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது கீழ் அளவு, ஓடும்போது சார்ஜ். பக்கத்தில் முந்தைய வாரம் எவ்வளவு ஓட்டினேன், வெயிலா மழையா என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் எண்கள் ஏமாற்றும். பத்து நாள் ஊருக்குப் போய்வந்த பிறகு 12.45 காட்டினால் அது பேட்டரியின் குற்றம் இல்லை, ஒழுக்குக் கரன்ட்டின் கணக்கு.

மூடி திறக்கும் வகை என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், ஆசிட் கண்டிப்பாக வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சில பேட்டரிகளில் பச்சையாகத் தெரியும் ஒரு சிறு கண் இருக்கும். அது ஆறு செல்லில் ஒன்றை மட்டும் பார்க்கிறது. பச்சை தெரிந்தாலும் மற்ற ஐந்தில் குறை இருக்கலாம்.

கோடை முடிந்த பிறகு வரும் அளவுதான் உண்மையான தேர்வு. வெயிலில் இன்ஜின் ஆயில் இளகியிருக்கும், செல்ஃப் சுலபமாகச் சுற்றும், பேட்டரி பலமாக இருப்பதுபோல் தோன்றும். கோடையில் பட்ட அடி நவம்பர் மழையிலும் மார்கழிக் காலையிலும்தான் வெளியே வரும். அதனால் மே மாத எண்ணை மே மாத எண்ணோடு, டிசம்பர் எண்ணை டிசம்பர் எண்ணோடு ஒப்பிடுங்கள். என் நோட்டில் முதல் டிசம்பர் 10.2, இந்த மே மாதம் ஓய்வு 12.63, செல்ஃப் 10.1. முதல் வாரத்து 10.4-உடன் ஒப்பிட்டால் பதினான்கு மாதத்தில் 0.3 வோல்ட் தேய்மானம். இந்த வேகத்தில் போனால் 35 மாதத்தைத் தொட வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தேய்மானம் எப்போதும் ஒரே வேகத்தில் போகாது.

படி 8: எப்போது கடைக்குப் போவது

முழு சார்ஜ் போட்ட பிறகும் மறுநாள் காலை 12.4-ஐத் தாண்டவில்லை, ஒழுக்குக் கரன்ட் சரியாக இருக்கிறது என்றால் போங்கள். ஒரே மாதத்தில் செல்ஃப் அளவு அரை வோல்ட் இறங்கினாலும் போங்கள். பக்கம் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ வண்டியை ஓட்டாமல் டைனமோவைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.

கடையில் பெரும்பாலும் முதல் பேச்சு, "சார்ஜ் இறங்கியிருக்கு, வச்சிட்டுப் போங்க, சார்ஜ் போட்டுத் தர்றோம்" என்பதாக இருக்கும். அது நியாயம்தான், வெறுமனே இறங்கிய பேட்டரியை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். போகும் முன்பே நீங்கள் முழு சார்ஜ் போட்டு, எட்டு மணி நேரம் வைத்து அளந்து, மீட்டர் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டால் கடையில் சார்ஜுக்கு விட்டுவிட்டு அலைவது மிச்சமாகும். பில், வாரண்டி அட்டை, நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். டைனமோ 14.2 கொடுக்கிறது, ஒழுக்கு 28 மில்லி ஆம்பியர்தான் என்று மாதவாரியாக எழுதியிருப்பதைக் காட்டினால், வண்டியில்தான் குறை என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் இருக்காது. மாற்றிக் கொடுக்கும் புது பேட்டரிக்குப் பெரும்பாலும் பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் மாதங்கள்தான் பொருந்தும், அதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தேதியையும் வோல்டேஜையும் மறுபடி படி 3-ல் சொன்னபடி பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

எனக்குப் பதினேழாவது மாதம் வரும் ஆகஸ்டில். அந்த மாத முதல் ஞாயிறு காலை மறுபடி ஒரு மணி நேரம் ஹெட்லைட் எரியவிடப் போகிறேன். 12.36 வந்த இடத்தில் 12.2-க்குக் கீழே வந்தால் அன்றே சார்ஜ் போட்டு, திங்கட்கிழமை காலையில் நோட்டோடு கடைக்குப் போய்விடுவேன்.